தேர்தலில் நின்று தோற்றவர்களுக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை தேவையா?

தேர்தலில் நின்றார் என்பதற்காக மட்டும் என்றால் தேவையில்லை. அதே சமயம், தோற்றுவிட்டார் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்கவும் கூடாது.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன், அதனால் எங்கள் குமரி மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். சுப. உதயகுமாரன் 2014-ல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார், 2016-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. அதனால் அவருக்குக் கட்டுரை வேண்டாம் என்று யாராவது சொல்ல முடியுமா? இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக நடந்த போராட்டத்தை எழுத உட்கார்ந்தால் அவர் பெயரைத் தொடாமல் ஒரு பத்திகூட நகராது. அவருக்கான இடம் அந்தப் போராட்டத்தால் வந்தது, வேட்புமனுவால் வந்ததல்ல.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 1996-ல் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், அதில் ரொம்பப் பேர் கோரிக்கையைக் கவனிக்க வைப்பதற்காகவே மனு போட்ட விவசாயிகள், வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேர்தலுக்கு ஒரு நல்ல கட்டுரை கட்டாயம் வேண்டும். ஆளுக்கு ஒன்று என்று ஆயிரம் கட்டுரை எழுதினால் யாருக்கு என்ன பயன்?

விக்கிப்பீடியா விதியும் ஏறக்குறைய இதுதான். எம்.பி., எம்.எல்.ஏ. ஆனவர்களுக்குப் பெரும்பாலும் கேள்வியில்லாமல் இடம் உண்டு. வேட்பாளர் என்றால் அவருக்குச் சம்பந்தமில்லாத நம்பகமான ஊடகங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இந்த 'விரிவாக' என்ற இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். தேர்தல் நேரத்தில் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால், 'வேட்பாளர் திறந்த ஜீப்பில் சென்று வீதி வீதியாக வாக்கு சேகரித்தார், உடன் ஒன்றியச் செயலாளர் உட்பட பலர் கலந்துகொண்டனர்' என்று ஒரு செய்தி இருக்கும். இன்னும் இரண்டு பேப்பரை எடுத்துப் பாருங்கள், அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழை. கட்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே போட்டிருப்பார்கள். அப்படிப் பத்து செய்தியை அடுக்கினாலும் அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஒரு விவரமும் தெரியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. வேட்பாளர்கள் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும், வாக்காளருக்கு அது தெரியத்தான் வேண்டும். ஆனால் தோற்ற பிறகு அவர் தன் கடைக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ திரும்பிப் போய்விடுவார். சாலை மறியலில் போட்ட ஒரு வழக்கு அவருடைய கட்டுரையில் அப்படியே கிடக்கும். பிறகு விடுதலை ஆகியிருந்தாலும் அதைச் சேர்க்க ஆள் வராது, ஏனென்றால் பேப்பரே அதைப் போட்டிருக்காது. மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் பெயரைத் தட்டினால் முதலில் அதுதான் வரும். பொதுவாழ்க்கையில் ஒரு மாதம் இருந்தவருக்கு இது அநியாயம்.

பதவியில் இருப்பவருக்குப் பக்கம் இருக்கிறது, எதிர்த்து நிற்பவருக்கு இல்லை, இது எப்படி நியாயம் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். 2020-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் செனட் வேட்பாளர் தெரசா கிரீன்ஃபீல்டு விஷயத்தில் இதே சண்டை நடந்தது. ஒரு பெரிய கட்சியின் வேட்பாளரைத் தேடுகிற வாக்காளருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு வழி தொகுதித் தேர்தல் பக்கம். நின்ற எல்லாருடைய பெயர், கட்சி, சின்னம், வாங்கிய ஓட்டு, ஒவ்வொருவரும் எதை முன்வைத்தார்கள் என்று இரண்டு மூன்று வரி அங்கே இருக்கட்டும். டெபாசிட் போனவர் பெயரையும் விடக் கூடாது. 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம், எதிர்த்து நின்றவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். வரலாறு முழுசாக இருக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரும் வேண்டும்.

எங்கள் பகுதியில் சுயேச்சையாக நின்ற ஒரு அண்ணனுக்குக் கட்டுரை போடலாமா என்று பையன்கள் என்னிடம் கேட்டார்கள். அவருடைய நோட்டீஸில் இருந்ததெல்லாம் பட்டணங்கால் என்ற பாசனக் கால்வாயில் கடைவரம்பு வரை தண்ணீர் வர வேண்டும் என்பதுதான். அவரைப் பற்றி எழுத இப்போதைக்கு ஆதாரம் இல்லை, முதலில் பட்டணங்காலைப் பற்றி நன்றாக எழுதுங்கள் என்றேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, எங்கே தூர்ந்து கிடக்கிறது, அதற்காக யார் யார் போராடினார்கள் என்று படமும் பத்திரிகை ஆதாரமும் வைத்து எழுதலாம். நாளைக்கு ஒரு பத்திரிகை அந்த அண்ணனைப் பற்றி முழுப் பக்கம் எழுதினால் அப்போது தாராளமாகத் தனிக் கட்டுரை போடட்டும், இன்னொரு தடவை தோற்றிருந்தாலும்.