என் 8 வயது மகன் சின்ன விஷயத்துக்கும் கத்துகிறான், பொருளைத் தூக்கி வீசுகிறான். கண்டிப்பு போதவில்லை என்கிறார்கள். அடித்தால் திருந்துவானா?

"கண்டிப்பு போதவில்லை" என்று உங்களிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள், டியூஷன் மிஸ், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மச்சான் சொன்னார்: "நாலு போடு போட்டா சரியாப் போயிரும் மாப்ள."

போகாது. அடித்தால் அந்த நிமிடத்துக்கு அடங்குவான். கோபம் வந்தால் வேறு என்ன செய்வது என்பதை அடி சொல்லித் தராது. "நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒன்று: உங்கள் வகுப்பில் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுப் போன பையன் ஒருத்தன் இருந்திருப்பான். உங்களை விட அதிகம் அடி வாங்கினவன் அவன்தான்.

என் மகனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிலைக்காமல், அடக்க முடியாத துடிப்போடு இருக்கும் பிரச்சினை. உங்கள் மகனுக்கும் அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை, கரூரில் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரகளை எல்லாம் சாயங்காலம் ஹோம்வொர்க் நேரத்தில்தான். பென்சிலை அழுத்தி எழுதுவான், எழுத்து அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும். ஓர் எண் தப்பாகிவிட்டால் ரப்பரை எடுத்துத் தாள் கிழியும்வரை தேய்ப்பான். கிழிந்ததும் நோட்டு பறக்கும், பின்னாலேயே பென்சில் டப்பா. ஒருநாள் டப்பாவின் முனை பட்டு என் மனைவியின் கன்னத்தில் ரத்தம். அதைப் பார்த்துவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான். திமிரில் வீசுகிறவன் அப்படி அழமாட்டான்.

உளவியலாளர் எங்களை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கோபத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம், மூன்றையும் எழுத வேண்டும். எழுத எழுதத்தான் தெரிந்தது, கோபம் "திடீரென்று" வரவே இல்லை. பசியோடு வேனை விட்டு இறங்கிய நாள், கணக்கு நிறைய இருந்த நாள், ரப்பர் கையில் ஏறிய நிமிடம்.

அதனால் முதலில் வயிற்றுக்கு ஏதாவது, பிறகு சைக்கிள், அதற்கப்புறம்தான் நோட்டு. ரப்பருக்கு வேலை இல்லை. தப்பானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம் என்று டீச்சரிடமும் சம்மதம் வாங்கினோம். பத்து நிமிடம் எழுதினால் எழுந்து ஒரு சுற்று நடக்கலாம். சமையலறையிலிருந்து கூப்பாடு போடாமல், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்கிறோம். செய்ததும் அங்கேயே பாராட்டு. "முழுப்பரீட்சை முடியட்டும், வாங்கித் தர்றேன்" என்பதெல்லாம் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன். கத்தினால் போன் கிடைக்கும் என்று பழகிய பிள்ளைக்கு அதைத் தராமல் நிறுத்தினால், கத்தல் குறைவதற்கு முன் கூடும். பல வீடுகளில் அப்பத்தாவோ அம்மாயியோ அந்தக் கட்டத்தில்தான் "பாவம், குடுத்துருங்க" என்பார்கள். கொடுத்தால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக நிற்க வேண்டும்.

மாத்திரையும் கொடுக்கிறோம், மீத்தைல்ஃபெனிடேட். மனநல மருத்துவர் பார்த்து எழுதித் தந்தது. "பிள்ளையை மந்தமாக்கறீங்க" என்றவர்கள் உண்டு. மந்தமாகவில்லை, உட்கார்ந்து ஒரு கணக்கை முடிக்கிறான். மதியப் பசி குறைந்தது நிஜம். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை, ராத்திரி வயிறு நிறையச் சோறு. டாக்டர் உயரம், எடை பார்த்துக்கொண்டே இருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள்.

      

பள்ளியைப் பற்றி. எங்களிடம் ஒரு பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது (பிரிவு 16). அடிக்கவோ மனதளவில் துன்புறுத்தவோ கூடாது (பிரிவு 17). சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

உங்கள் மகனுக்கு முதலில் கண், காது, தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏடிஹெச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பள்ளி நாளில் மட்டும் ரகளை என்றால் வாசிப்பதில், எழுதுவதில் சிரமமா, அங்கே யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், டி.இ.ஐ.சி. என்றால் தெரியும், 18 வயது வரை பார்க்கிறார்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றும் ராத்திரிகளில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது பள்ளி டைரியையும், இப்போதிலிருந்து எழுதத் தொடங்கும் நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பதே "எப்போ, எங்க, எதுக்கு அப்புறம்" என்பதுதான்.