மகனுக்குச் சிகிச்சை இருக்கட்டும், உங்களுக்கு?

கேள்வி: எனக்கு வயது 49. கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் என் 20 வயது மகனுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கஞ்சாப் பழக்கம். இப்போது மாத்திரையும் சேர்ந்துவிட்டது. ஆறு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. 7 இருந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.4 ஆகிவிட்டது. நெஞ்சு படபடக்கிறது. ‘எல்லாம் உன் வளர்ப்பு’ என்கிறார் கணவர். அவனைத் திருத்த நான் என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சர்க்கரை, படபடப்பு, தூக்கமின்மை என்று உங்கள் உடம்பைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, கேள்வியை மட்டும் மகனுக்காகக் கேட்கிறீர்கள். இப்படி வரும் தாய்மார்கள் பலரையும் பார்க்கிறேன். ஒருவர் முந்தானை முனையில் பீரோ சாவியை முடிந்து வைத்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், முடிச்சைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு மற்ற கையை நீட்டினார். அளவு 170/100. மகனுக்கு மருந்து கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

இரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தால், உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன்கள் சுரக்கும். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். போதாததற்கு, அவன் சாப்பிடாமல் போன நாளில் நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், மாத்திரையையும் மறந்திருப்பீர்கள். படபடப்பைக் ‘கவலைதான்’ என்று தள்ளிவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியே இல்லாமலும் வரும். இந்த வாரமே ஈ.சி.ஜி., தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம் என்றால் உடனே 108. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பரம்பரை, வயது, சகவாசம், பொருள் கைக்கு எட்டும் தூரம் எல்லாம் சேர்ந்து வரும் நோய் இது. நிதானித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி முதிர்வதற்கே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. பழியை மனைவி தலையில் இறக்கினால் அவருடைய பயம் சற்று அடங்கும், அவ்வளவுதான். அவரும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி மகன். சோறு போடுங்கள், கையில் பணம் கொடுக்காதீர்கள். கல்லூரிக் கட்டணத்தை நேரடியாகக் கட்டுங்கள். அவன் போதையில் இருக்கும்போது வாதாட வேண்டாம். காலையில் தெளிவாக இருக்கும்போது சுருக்கமாகப் பேசுங்கள். யாரோ தரும் பொடியைக் காப்பியில் கலந்துவிடாதீர்கள். அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பதும் வேண்டாம். தூக்க மாத்திரை வகையாக இருந்தால் திடீரென நிறுத்தும்போது வலிப்பு வரலாம். வலி நிவாரணி வகையாக இருந்தால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, கொட்டாவி என்று வாட்டும். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இன்னொன்று, சில வாரம் விட்டிருந்து மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இது அவனுக்கும் தெரிய வேண்டும்.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். போதை மீட்பு உதவி எண் 14446. போலீஸ் பயம் இருந்தால்: 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்தால் விலக்குப் பெற வழி செய்கிறது.

அவன் வர மறுத்தால் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். எப்போது பேசுவது, எதற்கு இடங்கொடுக்கக் கூடாது என்று பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் சிகிச்சைக்கு வருவது அதிகம். போகும்போது அவன் சட்டைப்பையில் கிடைத்த காலி மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். பெயர் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். உங்கள் சர்க்கரைச் சீட்டையும் அதே பையில் வையுங்கள்.