சவுல் எங்கே பவுலானார்?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறிப் பவுலானதுபோல என் பழைய ஆள் செத்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பழைய நண்பர்களை விட்டேன். வயலின் வாசிப்பதையும் விட்டேன். ‘என் அடையாளம் கிறிஸ்துவுக்குள்’ என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது நான் யாரென்றே தெரியவில்லை. பெயரையும் மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீருமா? சபையில் ஆளுமைத் தேர்வு ஒன்று எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆளுமைத் தேர்வு ஒரு பொழுதுபோக்கு. எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. முதலில் அந்த வயலினை உறையிலிருந்து எடுங்கள். விடச் சொன்னது யாராக இருந்தாலும் அவருக்கு வேதாகமத்தின் 150ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். யாழும் குழலும் அங்கே இருக்கின்றன.

எனக்குக் கோபம் வந்தது சவுலைப் பற்றிய வரியில்தான். சவுல் எங்கே பவுலானார்? அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் தமஸ்கு வழியில் கிறிஸ்துவைச் சந்தித்து விழுந்து எழுந்தவர், 13ஆம் அதிகாரம் வரைக்கும் சவுலாகவேதான் நடமாடுகிறார். அங்கே போகிற போக்கில் ‘பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்’ என்று ஒரு வார்த்தை வருகிறது. அவ்வளவுதான். பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை பெற்ற யூதர். அவருக்கு இரண்டு பெயர். பழையதை அவர் தொலைக்கவும் இல்லை. வருடங்கள் கழித்து யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று, தான் பரிசேயன் (கண்டிப்பான யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) என்கிறார். பரிசேயனாக இருந்தேன் என்று சொல்லவில்லை. ‘இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்’ என்று கலாத்தியருக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தானே என்பீர்கள். அந்த வசனத்தை முழுதாகப் படித்தீர்களா? முடிவதற்குள் ‘என்னில் அன்புகூர்ந்து எனக்காக’ என்று அந்த ‘நான்’ திரும்பி வந்துவிடுகிறது. செத்துப்போனவனிடம் யார் அன்புகூர்வது?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் நானும் ஒவ்வொரு ஜெபக்கூட்டமாகப் போய், மனம் மாறிய கதையைச் சாட்சியாகச் சொன்னவன். ஒவ்வொரு தடவையும் என் பழைய வாழ்க்கை இன்னும் கொஞ்சம் கறுத்தது. ஒரே ஒரு நாள் குடித்தது குடிப்பழக்கமாயிற்று. அப்பாவோடு போட்ட சண்டை, அன்பே இல்லாத வீடாயிற்று. ‘அல்லேலூயா’ கேட்கக் கேட்க எனக்கே அது நிஜமாகப் பட்டது. ஒருநாள் அம்மா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. அன்று இரவு துணி மடித்துக்கொண்டிருந்தவள், என் சட்டைக் காலரை நீவிவிட்டபடியே கேட்டாள்: “நாங்க உங்கிட்ட அன்பா இல்லையாப்பா?” நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு வேதாகமத்து யாக்கோபு புரிந்தான். பார்வை மங்கிய தகப்பன் ‘நீ யார்’ என்று கேட்டபோது, ஆசீர்வாதத்துக்காக ‘ஏசா’ என்று அண்ணன் பெயரைப் பொய்யாகச் சொன்னவன். பல வருடங்கள் கழித்து, அறியாத ஒருவரோடு விடியும்வரை போராடிய இரவில் திரும்பவும் அதே கேள்வி: உன் பேர் என்ன? இந்தத் தடவை ‘யாக்கோபு’ என்றான். அண்ணனே ஏமாற்றுக்காரன் என்று குத்திக்காட்டிய பெயர். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இஸ்ரவேல் என்ற பெயர் கிடைத்தது, காலை நொண்டிக்கொண்டுதான் அங்கிருந்து போனான். அதற்குப் பிறகும், கிழவனாகி எகிப்துக்குப் போகும் வழியில், ஓர் இரவு கடவுள் அவனைக் கூப்பிட்டது ‘யாக்கோபே, யாக்கோபே’ என்றுதான்.

பெயர் மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். விட்டுவிட்ட நண்பர்களில் ஒருவருக்காவது இந்த வாரம் போன் செய்யுங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது உங்கள் பழைய பெயர்தான்.