பழைய ஜன்னலை மாட்டுவதற்கு முன்

வீட்டை இடித்த கையோடு இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியவர்கள்தான் இந்த முறை அதிகம். கழற்றிய பழைய ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அவற்றை வீட்டில் அழகுக்கு வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

தாத்தா வீட்டை இடித்தபோது ஆறு தேக்கு ஜன்னல்களை எடுத்து வைத்தோம். பச்சை பெயிண்ட் ஏழெட்டுப் பூச்சு இருக்கும். மெஷின் வைத்துத் தேய்த்துவிடலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. (கும்பகோணம்)

குழந்தை இருப்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். தாத்தா காலத்துப் பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது நல்லது. மெஷின் அதைத் தூளாக்கிக் காற்றில் விடும். தரையில் படியும் தூள் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போகும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் மிகவும் கெடுதல்.

வெட்டவெளியில், கீழே பாலித்தீன் விரித்து, பெயிண்ட் ரிமூவர் தடவுங்கள். பெயிண்ட் பொங்கி எழுந்ததும் தகட்டால் வழித்தெடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கலாம். கையுறை போடுங்கள்; மருந்துக்கடை துணி முகக்கவசம் போதாது, தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். வழித்ததைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். தீச்சுவாலை காட்டி உரிக்க ஒருவர் முன்வந்தால் அனுப்பிவிடுங்கள். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. பெயிண்ட் போகும், கூடவே தேக்கின் நிறமும் கறுத்துப்போகும்.

இத்தனையும் ஆறு ஜன்னலுக்கும் முடியாது என்றால், அழகான இரண்டை மட்டும் செய்யுங்கள். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருப்பவற்றைக் கழுவி, மேலே தெளிந்த வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அப்படியே மாட்டலாம். அந்தப் பச்சையும் ஓர் அழகுதான்.

ஜன்னல் கதவில் கண்ணாடிக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து வரவேற்பறையில் மாட்ட ஆசை. ஆணி தாங்குமா? (சென்னை, அடுக்குமாடி)

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, இரண்டரை கிலோ. இரண்டடிக்கு மூன்றடியில் 4 மி.மீ. கண்ணாடி ஐந்தரை கிலோவைத் தாண்டும். தேக்குச் சட்டம் இன்னொரு ஐந்து கிலோ. வெளி நிலையோடு சேர்த்து மாட்டினால் மரம் மட்டுமே பதினைந்து, இருபது கிலோ வரும். கம்பி இருந்தால் அதுவும் உண்டு. கட்டடக்காரர்கள் போடும் கணக்குதான்: கம்பியின் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. ஆணியை மறந்துவிடுங்கள்.

நான் செய்வது இது. ஒரு பலகையை நீளவாக்கில் சாய்வாக, 45 டிகிரியில் அறுத்து இரண்டாக்குவேன். ஒரு பாதி சுவரில், மற்றது சட்டத்தின் முதுகில். ஒன்றின் மேல் ஒன்று கவ்வி உட்கார்ந்துகொள்ளும். எடை பலகை முழுவதும் பரவும். சுவரில் பிளக்கை (திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகும் குழல்) செங்கலில் இறக்குங்கள். செங்கல் இடுக்கில் இறக்கினால் பிடிக்காது. புதிய அடுக்குமாடிகளில் இலேசான வெள்ளைக் கல் சுவர் என்றால் அதற்கென்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடியை ஒட்டும் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கையில் கிடைத்த சிலிக்கானை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். சில மாதங்களில் கண்ணாடியில் கருந்திட்டுகள். காடி வாசனை அடிக்கும் சிலிக்கானில் அமிலம் வெளியாகும். அது முதுகிலுள்ள ரசத்தை அரித்துவிடும். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டவே வேண்டாம், சுற்றிலும் மரப் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) அடித்தால் போதும். மாற்றுவதும் எளிது.

சட்டத்துக்கு அடியில் தினமும் கொஞ்சம் தூள் விழுகிறது. கரையானா? (மதுரை)

விரலில் எடுத்துப் பாருங்கள். மாவுபோல் நைசாக இருந்தால் மரத்தைத் துளைத்துத் தின்னும் உளுவண்டு. கசகசாபோல் உருண்டை உருண்டையாக இருந்தால் உலர்மரக் கரையான். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, இவை எளிதில் தொடாது. ஓரத்து வெளிறிய பகுதிதான் இரை. குண்டூசி குத்திப் பாருங்கள். பூவாக இறங்கும் பகுதியை ஆசாரியிடம் சொல்லி வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியில், பாலிஷ் போடுவதற்கு முன்பே, துளைகளில் பூச்சி மருந்தை ஊசியால் ஏற்றுங்கள். பாலிஷ் போட்ட மரம் மருந்தைக் குடிக்காது. தூள் நிற்கும்வரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கம்பி வைத்த ஜன்னலைக் கால் வைத்து டீப்பாய் ஆக்கலாமா? (கோயம்புத்தூர்)

தாராளமாக. கம்பி தெரிய, மேலே 8 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி. பழைய மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியை மேசையில் வைக்காதீர்கள். உடைந்தால் கத்திபோல் நீளநீளமாகச் சிதறும். டஃபன்டு செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால் அளவை இரண்டு முறை எடுங்கள். பழைய சட்டம் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்காது, நான்கு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

காரைக்குடியில் நூறு வருஷ ஜன்னல் என்று விலை சொல்கிறார்கள். எப்படி நம்புவது?

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல சரக்கும் உண்டு, சாயம் ஏற்றிய புதுச் சரக்கும் உண்டு. முகப்பைப் பார்த்து மயங்காமல் முதுகைத் திருப்பச் சொல்லுங்கள். கொத்தனார் சுவருக்குள் புதைத்த பக்கத்தில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். கை போய்ப் போய்த் தேய்ந்த இடமும் கொக்கி உரசிய பிறை வடிவப் பள்ளமும் ஒரே சீராக இருக்காது. எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்மானம் தெரிந்தால் அது உப்புத்தாளின் வேலை. கீலில் நட்சத்திரத் தலைத் திருகாணி (தலையில் கூட்டல் குறி வெட்டு உள்ளது) இருந்தால், அந்தக் கீல் பின்னால் வந்தது. அந்த வகை ஆணி புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். கீல் மாற்றியதால் மரம் புதிது ஆகிவிடாது. ஆனால் பேரம் பேச அது போதும்.

வெள்ளையடித்து, ஆங்காங்கே சுரண்டி ‘பழசுபோல’ ஆக்கச் சொல்கிறாள் மகள். (திருச்சி)

ஏற்கெனவே பழசாக இருப்பதைப் பழசுபோல ஆக்குவானேன்? ஒட்டுப்பலகையில் ஒன்று செய்து கொடுங்கள்.

வேறொரு வீட்டு ஜன்னலைக் கொண்டுவந்தால் அந்த வீட்டின் தோஷமும் கூடவே வருமா?

வாஸ்து எனக்குத் தெரியாது. பழைய வீட்டிலிருந்து உளுவண்டு கூடவே வந்ததைப் பார்த்திருக்கிறேன். மதுரைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.