யாழ்ப்பாணத்திலை வீட்டு ஏசி திருத்த எவ்வளவு முடியும்? "காஸ் முடிஞ்சுது" எண்டினம், நம்பலாமோ?

நீங்கள் கேட்டது இதுதானே: அம்மா அப்பா தனிய இருக்கிற வீடு, ஏசி ஓடுது ஆனா குளிரேல்லை, வந்து பாத்த பெடியன் காஸ் முடிஞ்சுது நிரப்போணும் எண்டு ஒரு தொகை சொல்லியிருக்கிறான், வெளிநாட்டிலை இருந்து காசு அனுப்ப முதல் அது நியாயமோ எண்டு தெரியோணும். நான் மெக்கானிக் இல்லை. வீட்டு மேல்மாடி அறையளை வாடகைக்கு விடுறம், நல்லூர்த் திருவிழா மூட்டம் வாற ஆக்கள் வாடகை எவ்வளவு எண்டு கேக்க முதலே ஏசி இருக்கோ எண்டுதான் கேப்பினம், அதாலை உந்த மெசினுகளோடையும் அதுகளைத் திருத்த வாற ஆக்களோடையும் கனகாலமா மல்லுக்கட்டிப் பழக்கம்.

ஏசியிலை காஸ் "முடியிற" சாமான் இல்லை. செப்புக் குழாய்க்குள்ளை அடைச்சு வைச்சது, உள்ளை இருக்கிற யூனிற்றுக்கும் வெளியிலை இருக்கிற யூனிற்றுக்கும் இடையிலை சுத்திக்கொண்டே இருக்கும், பத்து வருசம் போனாலும் அதே அளவு இருக்கோணும். குறைஞ்சிருக்கு எண்டா எங்கையோ லீக். லீக்கைப் பிடிக்காமல் காஸ் மட்டும் நிரப்பிறது ஒட்டுப் போடாமல் சைக்கிளுக்குக் காத்தடிக்கிற வேலைதான், அடுத்த வருசமும் அதே பெடியன் வருவான், அதே பில்லைத் தருவான். அதாலை அவரிட்டை நீங்கள் கேக்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" இல்லை, "தம்பி, லீக் எங்கை?" எண்டுறதுதான். இதுக்கு ஒழுங்கான மறுமொழி வராட்டி காசு அனுப்பாதேங்கோ.

லீக்கைக் கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை ஒண்டுமில்லை. அனேகமா குழாயும் யூனிற்றும் சேருற பித்தளை நட்டடியிலைதான் வரும். காஸோடை கொஞ்சம் எண்ணெயும் சேந்து ஓடுறதாலை, ஒழுகிற இடத்திலை நட்டைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதிலை தூசு ஒட்டிக் கறுத்துப்போய் இருக்கும், கைலேஞ்சியாலை துடைச்சா வழுவழு எண்டு வரும். சவுக்காரத் தண்ணி தடவினா நுரை கட்டும். அந்த நட்டடி லீக் எண்டா முனையை வெட்டித் திருப்பி விரிச்சு இறுக்கினாச் சரி, செலவு சின்னன். கொயிலிலையே, அதாவது யூனிற்றுக்குள்ளை வளைஞ்சு வளைஞ்சு போற குழாயிலையே, ஓட்டை எண்டாத்தான் செலவு கூட. குருநகர், நாவாந்துறை, காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளிலை உப்புக் காத்து வெளி யூனிற்றின்ரை கொயிலை அரிச்சுப்போடும், அங்கை ஒரு இடத்தை ஒட்டினா அடுத்த இடத்திலை விடும், அதுக்குக் காசை இறைக்கிறதிலை அர்த்தமில்லை.

லீக்கை அடைச்ச பிறகு வக்யூம் பம்ப் போட்டு குழாய்க்குள்ளை இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கோணும், அதுக்கு அரை மணித்தியாலம் எண்டாலும் வேணும், பம்ப் கொண்டுவராமல் வாற ஆள் அந்த வேலையைச் செய்யப்போறேல்லை எண்டு அர்த்தம். பிறகு காஸை தராசிலை நிறுத்துத்தான் விடோணும். இஞ்சைதான் நீங்கள் தூர இருந்தே பிடிக்கலாம்: வெளி யூனிற்றின்ரை பக்கத்திலை ஒரு லேபல் ஒட்டியிருக்கும், அதிலை என்ன காஸ், எத்தினை கிராம் எண்டு எழுதியிருக்கும். 9,000, 12,000 பி.ரி.யூ. (குளிராக்கிற வலுவின்ரை அளவு) மெசினுகளுக்கு அது அனேகமா ஒரு கிலோ அளவுக்குள்ளைதான் வரும். அப்பாட்டைச் சொல்லி அந்த லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, பில்லிலை ரெண்டு கிலோ எண்டு போட்டிருந்தா மிச்சம் எங்கை போனது எண்டு கேக்கலாம்.

ஆனா குளிர் குறைஞ்ச எல்லா மெசினிலையும் காஸ் பிரச்சினை இருக்கும் எண்டில்லை, கனக்க இடத்திலை ஊத்தைதான் பிரச்சினை. சோளகம் அடிக்கிற மாதங்களிலை, அதுவும் செம்மண் பக்கம், கோப்பாய் உரும்பிராய் வழிய, ஜன்னலைப் பூட்டி வைச்சாலும் தூசு வரும். பில்டர் அடைபட்டா காத்து வராது, காத்து வராட்டி உள் கொயில் ஐஸ் பிடிக்கும், பிறகு ஐஸ் உருகி சுவராலை தண்ணி வடியும். காஸ் குறைஞ்சாலும் ஐஸ் பிடிக்கும் எண்டபடியாலை ஐஸைக் கண்டவுடனை "காஸ்" எண்டு சொல்லுறது சுகம். முதல் பில்டரைக் கழட்டிக் கழுவி, கொயிலையும் சேர்விஸ் செய்துபோட்டுத்தான் மற்றக் கதை. பில்டர் கழுவ ஆளே தேவையில்லை, அம்மாவே குழாயடியிலை கழுவிக் காய வைச்சுப் போடலாம்.

ஐஸ் இல்லாமல் சும்மா தண்ணி ஒழுகுது எண்டா அனேகமா வடிகால் குழாய் அடைப்பு. வருசத்திலை முக்காவாசி பூட்டிக்கிடக்கிற வீடுகளிலை அந்தக் குழாய் வாயிலை குளவி வந்து மண்கூடு கட்டிப்போடும், ஒரு கம்பியாலை குத்தி எடுத்தா முடிஞ்சுது விசயம். இதுக்கும் "போட் போயிட்டுது", அதாவது மெசினை இயக்கிற எலக்ரோனிக் பலகை பழுது, எண்டு சொன்ன ஒரு மகானை எனக்குத் தெரியும்.

இன்னொண்டு, கொம்பிரசர், அதாவது வெளி யூனிற்றிலை காஸை அழுத்திச் சுத்த வைக்கிற மோட்டர், போச்சு எண்டு சொல்லுறது. இதுதான் இருக்கிறதுக்குள்ளை பெரிய பில், ஆனா இன்வேட்டர் (கொம்பிரசரின்ரை வேகத்தைத் தானாக் கூட்டிக் குறைக்கிற வகை) இல்லாத பழைய மாதிரி மெசினிலை, வெளியிலை ஃபான் சுத்துது, கொம்பிரசர் ம்ம்ம் எண்டு இரைஞ்சு இரைஞ்சு நிக்குது எண்டா பல நேரம் பழுது, கொம்பிரசரை ஓடத் தொடங்க வைக்கிற கப்பாசிட்டர் எண்ட சின்னச் சாமானிலைதான். வெளி யூனிற்றுக்குள்ளை வெள்ளி நிறத்திலை டப்பா மாதிரி நிக்கும், தலைப்பக்கம் வீங்கியிருந்தா கண்ணாலையே தெரியும், இல்லாட்டி மீற்றர் வைச்சுப் பாக்கலாம், மேலை 35 எண்டு போட்டிருக்கு மீற்றர் 20 காட்டுது எண்டா அது செத்துது. கொம்பிரசர் விலையோடை பாத்தா இது சில்லறைக் காசு. கரண்ட் போய்ப் போய் வாறதும், பின்னேரங்களிலை வோல்ட்டேஜ் விழுறதும், வெய்யிலும் சேந்துதான் இதைக் கொல்லுறது. நீங்களோ அப்பாவோ இதிலை கை வைக்காதேங்கோ, கரண்ட் நிப்பாட்டின பிறகும் கப்பாசிட்டர் அடிக்கும்.

இன்வேட்டர் மெசின் எண்டா கதை வேறை, அதிலை சாகிறது போட். பல்லி போய் விழும், எறும்பு கூடு வைக்கும், ஐப்பசி இடிமின்னலுக்கு எரியும். கம்பனியிலை முழுப் போட்டையும் மாத்தத்தான் சொல்லுவினம், கொழும்பிலை இருந்து இரவு பஸ்ஸிலை போட்டு விடுவினம், விலை பத்தாயிரக்கணக்கிலை நிக்கும். அதுக்கு முதல் போட் திருத்திற ஆள் ஒருத்தரிட்டைக் காட்டுங்கோ, ரவுணுக்குள்ளை இருக்கினம், சின்ன சாமான் ஒண்டு ரெண்டை மாத்தி ஓட வைச்சுத் தருவினம், சரிவராட்டிப் பிறகு புதுசை யோசிக்கலாம். மழைக்கு முழங்கத் தொடங்கினா ஏசி பிரேக்கரை விழுத்தி வைக்கச் சொல்லுங்கோ, அதுக்குச் செலவே இல்லை.

உண்மையாவே கொம்பிரசர் போனா வோரண்டிக் காட்டைத் தேடுங்கோ. ஆனா அஞ்சு வருசம் பத்து வருசம் எண்டு பெரிசா எழுதியிருக்கிறது அனேகமா கொம்பிரசர் எண்ட சாமானுக்கு மட்டும்தான், காஸ், கூலி, ஏத்தி இறக்கிற காசு உங்கடை தலையிலைதான். வோரண்டி இல்லை, மெசினும் ஆர்22 காஸ் போட்ட பழசு எண்டா நான் திருத்தவே மாட்டன். ஓசோன் படையைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கைப்படி எங்கடை மாதிரி நாடுகள் 2030க்குள்ளை அந்தக் காஸை ஏறக்குறைய முழுசா நிப்பாட்டோணும், அதாலை அது வரவர அருமையாகும். "பரவாயில்லை, ஆர்22 மெசினுக்கு ஆர்32ஐ விடுவம்" எண்டு ஆரும் சொன்னா வாசலைக் காட்டுங்கோ, அழுத்தமும் வேறை எண்ணெயும் வேறை, அதோடை ஆர்32 நெருப்புப் பிடிக்கக்கூடியது.

சரியான ரூபாக் கணக்கு ஏன் எழுதேல்லை எண்டா, சாமான் எல்லாம் டொலரோடை ஏறி இறங்கும், 2022இலை ரூபா விழுந்தபிறகு பழைய விலையளை மனசிலை வைச்சிருந்து பேரம் பேசினா மெக்கானிக்குக்கும் கோவம் வரும் உங்களுக்கும் கோவம் வரும். அடுக்கு மட்டும் சொல்லுறன்: சேர்விஸ், வடிகால் அடைப்பு, கப்பாசிட்டர் எல்லாம் சில ஆயிரத்தோடை நிக்கவேணும், லீக் அடைச்சுக் காஸ் விடுறது, ஃபான் மோட்டர் எல்லாம் அதுக்கு மேலை, போட் அதையும் தாண்டும், கொம்பிரசர் புது மெசின் விலையிலை பாதிக்குக் கிட்டப் போகும், அந்தப் பாதி வரேக்கை நான் புதுசைத்தான் வாங்குவன். வந்து பாக்கிற கூலியைத் தனியக் கேட்டுக் குடுத்துவிடுங்கோ, அதைக் குடுக்கப் பஞ்சிப்பட்டா அந்தாள் அதை வேறை எங்கையாவது ஏத்தித்தான் எடுப்பார். மாத்தின பழைய சாமானை வீட்டிலை வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ, முதலே சொல்லிப்போடோணும், பிறகு கேட்டா "எறிஞ்சிட்டன் அண்ணை" எண்டுதான் வரும். கடைசியா ஒண்டு, வெளி யூனிற்றைக் கழுவேக்கை உவர்த்தண்ணிக் கிணறு எண்டா அந்தத் தண்ணியாலை கழுவ விடாதேங்கோ, நல்லதண்ணி ரெண்டு வாளி போதும்.

இப்போதைக்கு அந்த லேபல் படத்தையும் நட்டடிப் படத்தையும் எடுப்பிச்சு இஞ்சை போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.