கண்வில்லையில் கொலஸ்ட்ரால்: மகள் இதைப் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருந்தீர்கள். மகள் டாக்டருக்குப் படிக்காமல், கண்ணுக்குள் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்வில்லையில், செல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. நேராகச் சொல்கிறேன், கிடைக்கும், ஆனால் சீக்கிரம் கிடைக்காது.

அவள் ஆசை வீண் ஆசை இல்லை. கொலஸ்ட்ரால் என்றதும் நமக்கு மாரடைப்புதான் ஞாபகத்துக்கு வரும், கண்வில்லையில் கதையே வேறு. அங்குள்ள நார்ச் செல்கள் முதிரும்போது தங்கள் உட்கருவையே விட்டுவிடும், ரத்தக் குழாயும் கிடையாது, வெளிச்சம் தடையில்லாமல் போக வேண்டுமே. நடுவில் இருப்பவை நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை, கடைசிவரை அதே செல்கள்தான். அவற்றின் சவ்வில் கொலஸ்ட்ரால் மற்ற செல்களில் காணாத அளவுக்குக் குவிந்து, சில இடங்களில் தனிப் படலமாகவே பிரிந்து நிற்கிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் சந்திப்புகளும் அதே சவ்வில்தான்: கனெக்சின் 46, கனெக்சின் 50 என்ற புரதங்கள் வழியாக அயனிகளும் சத்துகளும் கைமாறுகின்றன, அக்குவாபோரின்-0 என்ற புரதம் தண்ணீரை விடுகிறது, செல்களை நெருக்கமாக ஒட்டவும் வைக்கிறது. இவற்றின் மரபணுவில் பிழை வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம். அக்குவாபோரின்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். ஆக, உங்கள் மகள் சின்ன விஷயத்தைக் கேட்கவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பதில்தான் மனம் என்றால் கோலாலம்பூரில் யுகேஎம்மின் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) ஆப்டோமெட்ரி படிப்பு இருக்கிறது, முடித்ததும் நேரே தொழில். அவளுக்கோ செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு உயிர்வேதியியல்தான் வழி, மலாயா பல்கலைக்கழகத்தில் உண்டு. கண்வில்லைக்கென்று தனி இளங்கலை எதுவும் கிடையாது, அது முதுகலை, பிஎச்டியில் வருவது. அதுவரை வீட்டில் பொறுமை வேண்டும். இடையில் நிறுத்தினாலும் மருத்துவமனை ஆய்வகம், மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாடு என்று வேலைக்கு முயலலாம்.

இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வுக்குப் பெரும்பாலும் உயிரியலா இயற்பியலா என்று ஒன்றைத்தான் எடுப்பார்கள். அவள் உயிரியல் எடுத்தவள். சவ்வை எக்ஸ்ரேயாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் பார்க்கிறார்கள், அதனால் யுபியு (அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை) முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் இயற்பியலைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பினாங்கு மிண்டனில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உங்களுக்குப் பக்கம்தானே, உயிரியல் துறை விரிவுரையாளர் ஒருவருக்கு அவளையே எழுதச் சொல்லி, நேரில் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.