வாசகர் கேள்விகள்: தோற்ற அணியை ஏன் மெச்சினேன்?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உங்களுக்குப் பிடித்தது 1939-ஆம் ஆண்டின் அயோவா அணி என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 1938-இல் டியூக், 1939-இல் டென்னசி இரண்டும் பருவம் முழுக்க எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விடவில்லையே! ஒன்றில் தோற்று, ஒன்றில் சமன் செய்த அணிக்கு இவ்வளவு பாராட்டா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கோபம் நியாயம்தான். டியூக் 9 ஆட்டங்கள், டென்னசி 10 ஆட்டங்கள். எதிரணிகளின் கணக்கில் வெறும் பூஜ்யம். ஆனால் புத்தாண்டையொட்டி நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு இருவரும் பசடேனா போனார்கள். இருவரையும் மண்ணைக் கவ்வ வைத்தது ஒரே அணி, தெற்குக் கலிபோர்னியா. டியூக்கை 7-3 என்று கடைசி நிமிடத்தில் கவிழ்த்தவர் டாயில் நேவ் என்ற மாற்று ஆட்டக்காரர். டென்னசி 14-0 என்று தோற்றது. அந்த அணிகளைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. அயோவாவைப் பார்த்தால் உட்கார்ந்து கதை சொல்லத் தோன்றுகிறது.

1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து அயோவா வென்றது இரண்டே ஆட்டங்கள். 1939-இல் புதுப் பயிற்சியாளராக எட்டி ஆண்டர்சன் வந்தார், தொழிலால் மருத்துவர். கைவசம் தேறிய ஆட்களோ கொஞ்சம். போதாததற்கு, கால் மணி நேரப் பகுதி ஒன்றில் வெளியே போனவர் அந்தப் பகுதி முடியும்வரை திரும்ப வர முடியாது என்பது அன்றைய விதி. தாக்குவதும் தடுப்பதும் உதைப்பதும் அதே பையன்கள்தான். 'இரும்பு மனிதர்கள்' என்று பெயர் வந்தது அதனால்தான். அவர்களில் நைல் கின்னிக் என்ற சிறிய உருவக்காரர் அணி தொடர்ந்து ஆடிய 420 நிமிடங்களில் 402 நிமிடங்கள் களத்திலேயே இருந்தார். அவர் தோள் விலகி வெளியேறிய நார்த்வெஸ்டர்ன் ஆட்டம் 7-7 என்று முடிந்தது. மிச்சிகனிடம் வாங்கிய 27-7 அடியை மறைக்கவில்லை. அந்த 27 புள்ளிகளையும் டாம் ஹார்மன் ஒருவரே எடுத்தார்.

நவம்பர் 11-க்கு வருகிறேன். அதுவரை தோல்வியே காணாத நோட்டர் டேம் அயோவா சிட்டிக்கு வந்திருந்தது. முதல் பாதி முடியும் நேரத்தில் கின்னிக் பந்தோடு எதிரணியின் கோல் எல்லைக்குள் புகுந்து, 6 புள்ளிகள் தரும் டச் டவுன் எடுத்தார். அதையடுத்து உதைத்து எடுக்கும் ஒரு கூடுதல் புள்ளிக்கும் அவரே. பந்தைத் தரையில் விட்டு, அது எழும்புகிற கணத்தில் உதைத்தார். 7-0. நோட்டர் டேமும் பின்னர் டச் டவுன் எடுத்தது. கூடுதல் புள்ளி உதை மட்டும் தவறியது. 7-6. மிச்ச நேரத்தை, பந்தைத் தூரத் தூர உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளி, அயோவா காலாலேயே ஓட்டியது. அன்று கின்னிக் உதைத்து அனுப்பியவை 16 பந்துகள், மொத்தம் 731 கஜம். கடைசி உதை 63 கஜம் பறந்து, நோட்டர் டேமின் 6 கஜக் கோட்டருகே பக்கவாட்டில் வெளியேறியது. அந்த மூலையிலிருந்து அவர்கள் மீளவே இல்லை.

அடுத்த வாரம் மினசோட்டா. கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது 0-9 என்று பின்தங்கியிருந்த அயோவாவுக்கு, கின்னிக் எறிந்த பந்துகளில் எர்வின் பிராசி ஒன்று, பில் கிரீன் ஒன்று என டச் டவுன் எடுத்தார்கள். 13-9. சொல்லுங்கள், பூஜ்யத்தை வைத்து இப்படிக் கதை சொல்ல முடியுமா?

கேள்வி: அதே பருவத்தில் பர்டியூவை அயோவா 4-0 என்று வென்றதாகப் படித்தேன். அச்சுப் பிழையா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை. ஹாக்கிக் கணக்கு தவறி வந்துவிட்டதோ என்று நானும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஓர் அணி தன் கோல் எல்லைக்குள்ளேயே பந்தோடு மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2 புள்ளிகள். அதன் பெயர் சேஃப்டி. பர்டியூ இரண்டு முறை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

கேள்வி: கையால் ஆடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் எதற்கு?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ரக்பியின் வழித்தோன்றல் என்பது நூல் சொல்லும் பதில். என் பதில்: 731 கஜம் உதைத்தவரிடம் போய்க் கேளுங்கள்!

கேள்வி: கின்னிக் பிறகு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனாரா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அழைப்பு வந்தது, மறுத்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனார். 1939 டிசம்பரில் நியூயார்க்கில், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியபோது, ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் அமெரிக்காவின் ஆடுகளங்களில் போரிட்டதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இரண்டே ஆண்டுகளில் கடற்படை விமானப் பயிற்சிக்குப் புறப்பட்டார். 1943 ஜூன் 2 அன்று, வெனிசுவேலா கடற்கரைக்கு அப்பால், லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய அவருடைய விமானத்தில் எண்ணெய் கசிந்தது. கப்பலின் தளத்தில் மற்ற விமானங்கள் நின்றிருந்ததால் அங்கே இறங்க வழியில்லை. கடலில் இறக்கினார். உடல் கிடைக்கவில்லை. வயது 24.

என் மகள் அயோவா சிட்டியில் படித்தபோது ஒருமுறை அந்த மைதானத்துக்குப் போனேன். 1972 முதல் அது கின்னிக் ஸ்டேடியம். அன்று ஆட்டம் இல்லை. வெளியே நிற்கும் வெண்கலச் சிலையின் கையில் பந்து இருக்கும் என்று எண்ணி நெருங்கினேன், இருந்தவை புத்தகங்கள். வெயிலில் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மகளுக்குப் பசி, எனக்கு வசை.

இன்னொரு கின்னிக் ஸ்டேடியமும் இருந்தது, டோக்கியோவில். போருக்குப் பின் அமெரிக்கப் படைகள் அங்கே இருந்த காலத்தில், மெய்ஜி ஆலயத்தின் வெளித்தோட்ட மைதானத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். 1943 அக்டோபர் 21 அன்று அதே மைதானத்தில்தான், போருக்கு அனுப்பப்பட்ட ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் தோளில் துப்பாக்கியோடு மழையில் அணிவகுத்துப் போனார்கள். கின்னிக் கடலில் விழுந்து அப்போது ஐந்து மாதங்கூட ஆகியிருக்கவில்லை.